ஒரு போதையை விட இன்னொரு மாத்திரையா? ஓபியாய்டு பழக்கத்துக்கு மருந்து சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

பஞ்சாபின் அரசு மருத்துவமனைகளில் காலை நேரத்தில் ஒரு தனி வரிசையைப் பார்க்கலாம். வயலுக்குப் போகும் முன் வந்துவிட்ட விவசாயி, லாரி ஓட்டுபவர், கல்லூரி வயது பையன், கூலி வேலைக்குக் கிளம்பியவர் என எல்லோரும் அதில் நிற்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரையை வைத்து, அது கரையும் வரை சில நிமிடங்கள் உட்காருகிறார்கள். பிறகு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஹெராயினையும் போதை மாத்திரைகளையும் விடுவதற்காக வந்தவர்கள் இவர்கள். ஆனால் நாக்குக்கு அடியில் கரையும் அந்த மாத்திரையில் இருப்பதும் அதே ஓபியாய்டு குடும்பத்தைச் சேர்ந்த மருந்துதான்.

"ஒரு போதையை விட இன்னொரு போதையா? இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" இப்படிக் கேட்காத குடும்பம் குறைவு. சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தில் பையன் கொஞ்சம் தெளிந்ததும், "போதும்டா, இந்த மாத்திரையையும் நிறுத்திடு" என்று சொல்லாத வீடும் குறைவு.

அக்கறையில் வரும் வார்த்தைதான் அது. ஆனால் அதுதான் உயிருக்கு ஆபத்தாகவும் முடியலாம். ஏன் என்று பார்ப்போம்.

ஓபியாய்டு என்றால் என்ன?

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வரும் பாலிலிருந்து கிடைப்பது அபின். அதிலிருந்து மார்ஃபின் வருகிறது. மார்ஃபினிலிருந்து ஹெராயின் தயாரிக்கப்படுகிறது. இவற்றோடு, ஆய்வகத்தில் தயாராகும் டிராமடால், டேபென்டடால், ஃபென்டனில் போன்ற வலி நிவாரணிகளும் சேர்ந்ததுதான் ஓபியாய்டு குடும்பம்.

இவை எல்லாமே கெட்ட பொருட்கள் இல்லை. புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் பெரிய ஆறுதல். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல், போதைக்காகப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தியாவில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் அறிக்கை 2019-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 2.26 கோடி பேர் ஏதோ ஒரு ஓபியாய்டைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படும் அளவுக்குப் பழக்கம் முற்றியிருக்கிறது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவுக்கான எண்ணிக்கை அது.

'மனசு வெச்சா' விட முடியாதா?

மூளையில் ஓபியாய்டுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. உடல் தானாகவே சுரக்கும் வலி நிவாரணிகள் வந்து உட்காரும் இடங்கள் அவை. ஹெராயின் அந்த இடங்களை வேகமாகவும் பலமாகவும் பிடித்துக்கொள்கிறது. நாளடைவில் மூளை அதற்கேற்ப தன்னை மாற்றிக்கொள்கிறது. முன்பு போதை தந்த அளவு இப்போது போதாது. அந்தப் பொருள் இல்லாவிட்டால் உடல் இயங்கவே மறுக்கிறது.

நிறுத்திய சில மணி நேரங்களில் விலகல் அறிகுறிகள் தொடங்கும். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழியும். வயிற்றுப்போக்கு, வாந்தி, எலும்பெல்லாம் முறிப்பது போன்ற வலி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் போதை வேண்டும் என்பதற்காக ஹெராயினைத் தேடுவதில்லை. இந்த வேதனை நின்றால் போதும் என்றுதான் தேடுகிறார்கள்.

முயற்சி செய்யாதவர்கள் என்றும் இவர்களைச் சொல்ல முடியாது. 2015-ல் பஞ்சாபில் நடந்த ஓபியாய்டு சார்பு ஆய்வு, அந்த மாநிலத்தில் சுமார் 2.3 லட்சம் பேர் ஓபியாய்டைச் சார்ந்து வாழ்வதாக மதிப்பிட்டது. அவர்களில் சுமார் 80% பேர் விட்டுவிட முயன்றவர்கள். ஆனால் ஏதாவது ஒரு உதவி கிடைத்ததாகச் சொன்னவர்கள் சுமார் 35% பேர் மட்டுமே. ஆகவே பெரும்பாலானோருக்கு மனசு இருந்தது, மருத்துவம் கிடைக்கவில்லை.

பத்து நாள் உள்ளே வைத்தால் சரியாகாதா?

நம் ஊரில் பலருக்குத் தெரிந்த சிகிச்சை இதுதான். ஒரு மையத்தில் சேர்த்து, பத்து பதினைந்து நாள் உள்ளேயே வைத்து, உடம்பிலிருந்து போதைப்பொருளை வெளியேற்றுவது. விலகல் அறிகுறிகள் அடங்கி, முகம் தெளிந்து வீட்டுக்கு வருவார். வீட்டாரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

ஆபத்து அதிகமாக இருப்பது அந்த நாட்களில்தான். பயன்படுத்தாமல் இருந்த நாட்களில் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். ஆனால் அந்தப் பொருளின் மீதான ஏக்கம் அப்படியே இருக்கும். ஒரு பழைய நண்பர், ஒரு சண்டை, ஒரு தனிமையான சாயங்காலம் போதும். முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவை மறுபடி எடுத்தால், இப்போது மூச்சே நின்றுவிடலாம். சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கும் முதல் சில வாரங்களில் இதே ஆபத்து இருக்கிறது.

உடம்பைச் சுத்தம் செய்வது சிகிச்சையின் முதல் படி மட்டுமே. அதோடு நிறுத்திக்கொண்டால், எதுவும் செய்யாமல் இருந்ததைவிட ஆபத்தான இடத்தில் ஒருவரைக் கொண்டுபோய் விடுவதாகவும் ஆகலாம்.

சரி, என்னென்ன மருந்துகள் இருக்கின்றன?

மூன்று முக்கியமானவை. மூன்றும் ஒரே ஏற்பியில்தான் வேலை செய்கின்றன, ஆனால் வெவ்வேறு விதமாக.

மெத்தடோன்: இது முழு ஓபியாய்டு. ஆனால் மெதுவாக வேலை செய்யும், நீண்ட நேரம் உடலில் தங்கும். தினம் ஒருமுறை குடித்தால் போதும். ஹெராயின் போல உச்சத்துக்கு ஏற்றி, சில மணி நேரத்தில் கீழே தள்ளிவிடுவதில்லை. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் 1965-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தச் சிகிச்சைமுறைக்கு வித்திட்டது. அளவு தப்பினால் இதுவும் மூச்சை அடக்கிவிடும், இதயத் துடிப்பிலும் மாற்றம் வரலாம். அதனால் கடுமையான கண்காணிப்பில்தான் தரப்படுகிறது.

புப்ரெனார்ஃபின்: பஞ்சாப் வரிசையில் தரப்படுவது இதுதான். இது ஏற்பியை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பாதி அளவுக்கே தூண்டும். விலகல் வேதனை அடங்கும், ஏக்கம் தணியும். ஒரு அளவுக்கு மேல் மாத்திரையைக் கூட்டினாலும் விளைவு அதே விகிதத்தில் கூடாது. எனவே இதை மட்டும் எடுக்கும்போது மூச்சு நின்றுபோகும் அபாயம் மற்றவற்றைவிடக் குறைவு. ஏற்பியில் இது உட்கார்ந்திருக்கும்போது ஹெராயின் எடுத்தாலும், அது வந்து உட்கார இடம் கிடைக்காது.

நால்ட்ரெக்சோன்: இது ஓபியாய்டே இல்லை. ஏற்பியை அடைத்து மட்டும் வைக்கும். பூட்டுக்குள் வேறு சாவி நுழையாதபடி அடைத்து வைப்பது மாதிரி. ஆனால் இதைத் தொடங்க 7 முதல் 10 நாட்கள் எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருக்க வேண்டும். பலரால் அந்த வாசலையே தாண்ட முடிவதில்லை. தாண்டியவர்களும் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுவது அதிகம்.

இந்தியாவில் புப்ரெனார்ஃபினோடு நாலாக்சோன் என்ற மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள். நாக்குக்கு அடியில் வைத்தால் நாலாக்சோன் பெரிதாக வேலை செய்யாது. அதே மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டால், ஓபியாய்டைச் சார்ந்திருப்பவருக்கு விலகல் வேதனையைக் கிளப்பிவிடும். தப்பாகப் பயன்படுத்தாமல் இருக்க மாத்திரைக்குள்ளேயே வைக்கப்பட்ட காவல்காரன் அது.

அப்போ இது இன்னொரு போதைதானே?

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, உடல் ஒரு மருந்தைச் சார்ந்திருப்பது. இன்னொன்று, ஒரு பொருள் வாழ்க்கையையே ஆட்டிப்படைப்பது.

புப்ரெனார்ஃபின் எடுப்பவரின் உடல் அந்த மருந்தைச் சார்ந்திருக்கிறது. உண்மைதான். திடீரென நிறுத்தினால் அவருக்கும் விலகல் அறிகுறிகள் வரும். ஆனால் அவர் அதற்காக அம்மாவின் நகையைத் திருடுவதில்லை. அடுத்த ஊசி எங்கே கிடைக்கும் என்று நாள் முழுக்க அலைவதில்லை. ஒரே ஊசியை நாலு பேரோடு பகிர்ந்து ஹெச்.ஐ.வி-யையும் ஹெபடைடிஸ் சி-யையும் வாங்கிக்கொள்வதில்லை. சரியான அளவில் எடுப்பவருக்கு மயக்கமும் இல்லை, மிதப்பும் இல்லை. காலையில் மாத்திரை, பிறகு வேலை, சாயங்காலம் வீடு. அடிமைத்தனத்துக்கான அடையாளங்கள் அந்த வாழ்க்கையில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் 2005-லேயே அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஆதாரம் என்ன சொல்கிறது?

ஸ்வீடனில் நடந்து, 2003-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஒரு ஆய்வை மருத்துவர்கள் அடிக்கடி குறிப்பிடுவார்கள். ஹெராயினைச் சார்ந்திருந்த 40 பேர் அதில் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு புப்ரெனார்ஃபின் தொடர்ந்து தரப்பட்டது. மீதிப் பேருக்கு 6 நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, அதன் பிறகு மருந்தில்லாத வெறும் மாத்திரை. மனநல ஆலோசனை இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் 75% பேர் சிகிச்சையில் தொடர்ந்தார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அவர்களில் 4 பேர் இறந்தே போயிருந்தார்கள். மருந்து பெற்ற பிரிவில் ஒரு மரணமும் இல்லை.

இது சின்ன ஆய்வு என்று ஒதுக்கினால், பெரிய கணக்கும் இருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட பகுப்பாய்வு இது. மெத்தடோன் சிகிச்சையில் இருப்பவர்களில் 1,000 பேருக்கு ஆண்டுக்கு சுமார் 11 மரணங்கள். சிகிச்சையை விட்டு வெளியேறியவர்களில் சுமார் 36. புப்ரெனார்ஃபினில் இந்தக் கணக்கு சுமார் 4-க்கு எதிராக 9 அல்லது 10.

மருந்து ஒன்றுதான், எடுப்பவர்களும் ஒரே மாதிரி மனிதர்கள்தான். சிகிச்சைக்குள் இருக்கும்போதும் விட்டு வெளியேறிய பிறகும் மரண விகிதம் இவ்வளவு மாறுகிறது.

மருந்து இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. அது கைக்கு எட்ட வேண்டும். இதை இரண்டு நாடுகளின் கதை சொல்லும்.

பிரான்ஸ் 1990-களின் நடுவில் ஒரு முடிவெடுத்தது. தனி உரிமமோ தனிப் பயிற்சியோ இல்லாமல், எந்தப் பொது மருத்துவரும் புப்ரெனார்ஃபின் எழுதித் தரலாம் என்றது. 1995-க்கும் 1999-க்கும் இடையே அங்கே ஓவர்டோஸ் மரணங்கள் 79% குறைந்தன.

அமெரிக்கா 2002-ல் இந்த மருந்துக்கு அனுமதி தந்தது. ஆனால் மருத்துவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும், இத்தனை நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. வலி நிவாரணியாக ஓபியாய்டு எழுத இப்படி ஒரு தனி அனுமதி தேவைப்படவில்லை, அந்தப் பழக்கத்திலிருந்து மீட்கும் மருந்தை எழுதத்தான் தேவைப்பட்டது. அந்த விதி 2022 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருடம் மட்டும் அங்கே எல்லா வகைப் போதைப்பொருட்களாலும் ஓவர்டோஸில் இறந்தவர்கள் 1 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

இங்கே இந்தச் சிகிச்சை பரவலானது ஹெச்.ஐ.வி தடுப்பின் வழியாகத்தான். மணிப்பூர், நாகாலாந்து போன்ற மாநிலங்களில் ஊசி வழியாகத் தொற்று பரவியது. அதைத் தடுக்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஓபியாய்டு மாற்று சிகிச்சையைத் தன் திட்டத்தில் சேர்த்தது. மெத்தடோன் 2012-ல் சில மையங்களில் அறிமுகமானது. ஆனால் எய்ட்ஸ் திட்டத்தின் கவனம் ஊசி போடுபவர்கள் மீதுதான். ஹெராயினைப் புகைப்பவர்களும் மாத்திரை விழுங்குபவர்களும் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றார்கள்.

அந்த இடைவெளியை நிரப்ப முயன்றதுதான் பஞ்சாபின் 'ஓ.ஓ.ஏ.டி' கிளினிக். உள்நோயாளியாகச் சேராமல், வெளிநோயாளியாகவே வந்து மருந்து வாங்கிப் போகும் முறை இது. 2017 அக்டோபரில் மோகா, தரன் தாரன், அமிர்தசரஸ் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. அரசு மையங்களில் மருந்து இலவசம். இன்று மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான மையங்கள் இருக்கின்றன. சிறைகளுக்குள்ளும் இது நடக்கிறது.

தினமும் நேரில் வந்து, ஊழியர் கண்முன் மாத்திரையைக் கரைக்க வேண்டும் என்பதுதான் ஆரம்ப விதி. தினக்கூலிக்காரருக்கு இது பெரிய தலைவலி. மாத்திரை இலவசம்தான், ஆனால் பஸ் செலவும் பாதி நாள் சம்பளமும் போகும். 2020 ஊரடங்கு வந்தபோது வேறு வழியில்லாமல் இரண்டு வாரம் வரைக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். பஸ் ஓடாத நாட்களிலும் சிகிச்சை அறுந்துபோகாமல் இருக்க அதுதான் உதவியது.

மாத்திரை வெளிச்சந்தைக்குப் போகாதா?

போகிறது. இந்தச் சிகிச்சையின் எதிர்ப்பாளர்கள் வைக்கும் வலுவான வாதம் இதுதான், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பஞ்சாபில் தனியார் மையங்கள் வழியாகப் புப்ரெனார்ஃபின் கசிவதாகத் தொடர்ந்து புகார்கள் வந்தன. 2025-ல் அந்த மாநில அரசு விதிகளைத் திருத்தி, பயோமெட்ரிக் பதிவு உள்ளிட்ட கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது.

இதில் சிக்கல் என்னவென்றால், கயிறு இரண்டு பக்கமும் இழுக்கிறது. கட்டுப்பாடு தளர்ந்தால் மாத்திரை தெருவுக்குப் போகும். ரொம்ப இறுகினால் நோயாளி தெருவுக்குப் போவார். கைரேகை பதிந்தால் போலீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து மையத்துக்கே வராமல் போகிறவர் பாதுகாப்பான இடத்துக்குப் போவதில்லை, பழைய ஹெராயினுக்குத்தான் திரும்புகிறார். போதைப்பொருள் வேட்டை தீவிரமாகும் காலத்தில் இது இன்னும் முக்கியம். சரக்கு கிடைக்காமல் தவிப்பவருக்கு மறுநாள் காலை கிளினிக் கதவு திறந்திருக்க வேண்டும்.

சட்டம் தண்டிக்குமா?

சிகிச்சைக்குப் போனாலே வழக்கு வரும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 1985-ம் ஆண்டின் என்.டி.பி.எஸ் சட்டம் போதைப்பொருளைப் பயன்படுத்துவதைக் குற்றமாகத்தான் பார்க்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையான ஒருவர், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர் மீது வழக்கு நடவடிக்கை கூடாது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பு விலக்கப்படலாம்.

2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மது மற்றும் போதைப்பொருள் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதாவது சிகிச்சை பெறுவது சட்டப்படியான உரிமை.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

2019 அறிக்கையில் பிரச்சினை அதிகமுள்ள மாநிலங்களாகச் சொல்லப்பட்டவற்றில் தமிழ்நாடு இல்லை. இங்கே போதை என்றாலே பேச்சு மதுவைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் வலி நிவாரண மாத்திரைகளைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் பற்றிய செய்திகள் இப்போது பல மாவட்டங்களிலிருந்து வருகின்றன. 2018-ல் டிராமடால் என்.டி.பி.எஸ் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. இப்போதைய பறிமுதல் செய்திகளில் டேபென்டடால் பெயர்தான் அதிகம் அடிபடுகிறது.

2025 பிப்ரவரியில் 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. கட்டடமும் படுக்கையும் வந்துவிட்டன. இந்த மையங்களுக்கு வரும் மாத்திரைப் பழக்கக்காரர் பத்து நாளில் 'சுத்தமாகி' வீட்டுக்கு அனுப்பப்படுகிறாரா, இல்லை மாதக்கணக்கில் தொடரும் மருந்து சிகிச்சைக்குள் கொண்டுவரப்படுகிறாரா என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. சிலருக்கு ஓரிரு வருடம். சிலருக்குப் பல வருடம். வேலை, குடும்பம், தூக்கம் எல்லாம் நிலைபெற்ற பிறகு, மருத்துவரோடு பேசி மெதுவாகக் குறைப்பதுதான் வழி. சர்க்கரை மாத்திரை சாப்பிடும் அப்பாவிடம் "எப்போ நிறுத்தப் போற?" என்று யாரும் மாதாமாதம் கேட்பதில்லை. இங்கேயும் அந்தப் பொறுமை வேண்டும்.

நடுவில் ஒருமுறை சறுக்கினால் எல்லாம் வீண் என்றும் அர்த்தமில்லை. மருந்தின் அளவு போதவில்லை என்பதற்கான அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

* முதல் மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஹெராயின் உடலில் இருக்கும்போதே புப்ரெனார்ஃபின் எடுத்தால் விலகல் வேதனை திடீரெனக் கிளம்பும். வெளியே வாங்கித் தாங்களே போட்டுப் பார்ப்பவர்கள், "இந்த மாத்திரை ஆகாது" என்று சிகிச்சையையே வெறுத்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.
* மதுவோ தூக்க மாத்திரையோ இதோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். உயிருக்கே ஆபத்து.
* மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். பெரியவருக்கு மருந்தாகும் அளவு குழந்தைக்கு விஷம்.
* மருந்து கரைந்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். பல் பாதிப்பு வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் எச்சரித்திருக்கிறது.
* மூச்சு மிகவும் மெதுவாகி, உதடு நீலமாகி, எழுப்பினாலும் எழவில்லை என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் ஊசி மருத்துவமனையில் தரப்படும்.
* போதை மீட்பு ஆலோசனைக்கு மத்திய அரசின் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 ஆகிய இலவச எண்கள் இருக்கின்றன.

பஞ்சாபில் அந்தக் காலை வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, "இவங்க இன்னும் மாத்திரையை விடலையா?" என்று கேட்பது சுலபம். ஆனால் அவர் நேற்று வேலைக்குப் போனார், ராத்திரி வீட்டில் சாப்பிட்டார், இன்று காலை உயிரோடு வரிசையில் நிற்கிறார். மாத்திரையை எப்போது நிறுத்துவது என்ற பேச்சை மருத்துவர் தொடங்கட்டும். வீடு செய்ய வேண்டியது, நாளைக் காலையும் அவர் அந்த வரிசைக்குப் போய்ச் சேர்கிறாரா என்று பார்ப்பதுதான்.